பதினேழு மணி நாற்பது நிமிட ஆண்டு

"வைரக் கிரகம்" என்ற பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. பூமியைவிடப் பெரிய வைரம் விண்வெளியில் மிதக்கிறது, அதன் விலை இத்தனை கோடி கோடி டாலர் என்று ஒரு படம் அவ்வப்போது கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. படத்தில் பட்டை தீட்டிய கல் ஒன்று பளபளக்கும். அதில் சொல்லப்படும் கோள் உண்மையானது. கடக ராசியில் 41 ஒளியாண்டு தொலைவில் உள்ள 55 கேன்க்ரி என்ற விண்மீனைச் சுற்றும் ஐந்து கோள்களில், விண்மீனுக்கு மிக நெருக்கமாக இருப்பது அது. கண்டுபிடித்த வரிசைப்படி 'ஈ' (e) என்ற ஆங்கில எழுத்து அதற்கு வாய்த்தது. 2015-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் விண்மீனுக்குக் கோபர்னிகஸ் என்றும், இந்தக் கோளுக்கு ஜான்சன் என்றும் பெயர் சூட்டியது. 1868 சூரிய கிரகணத்தைப் பார்க்கக் குண்டூருக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் நினைவுக்கு வரலாம். அவர் வேறு. இது தொலைநோக்கியின் தொடக்க வரலாற்றில் பேசப்படும் டச்சுக் கண்ணாடிக்காரர் ஒருவரின் பெயர்.

வைரம் என்ற செய்தி தவறு என்பதோடு என் வருத்தம் நிற்கவில்லை. 41 ஒளியாண்டுக்கு அப்பால், எந்தத் தொலைநோக்கியிலும் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாத ஒரு பொருளின் எடை, பருமன், சூடு இவற்றையெல்லாம் மனிதர்கள் எப்படிக் கணக்குப் போட்டு எடுத்தார்கள் என்பதுதான் இங்கே உண்மையான அதிசயம். அந்தக் கணக்கு முழுவதையும் வைரம் என்ற ஒரு சொல் மூடிவிடுகிறது. கணக்கைக் கூடவே நடந்து பார்த்தால், வைரம் எங்கே உள்ளே நுழைந்தது, எங்கே வெளியே போனது என்பதும் தானாகத் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இந்தக் கோளைப் பற்றி நமக்குத் தெரிந்த ஏறக்குறைய எல்லா எண்ணும் ஒரு விகிதம். 'விண்மீனில் இத்தனை பங்கு' என்றுதான் அளவு வரும். விண்மீனின் எண் மாறினால் கோளின் எண்ணும் மாறும்.

ராட்டினமும் தினசரி வருகையும்

2004-இல் இந்தக் கோள் அறிவிக்கப்பட்டபோது அதன் ஆண்டு 2.81 நாள் என்று இருந்தது. டெக்சாஸில் உள்ள ஹாபி-எபர்லி தொலைநோக்கியில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை விண்மீனின் வேகத்தை அளந்து எடுத்த முடிவு அது. அளக்கும் விதம் இது: கோள் சுற்றும்போது விண்மீனும் கொஞ்சம் ஆடும். நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். இந்தக் கோள் தன் விண்மீனை ஆட்டும் வேகம் வினாடிக்கு 6 மீட்டர்தான். நன்றாக ஓடுகிற மனிதனின் வேகம். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஐந்து கோடியில் ஒரு பங்கு. அந்த அளவு நகர்வைப் பிடிக்க வேண்டுமென்றால், அளவுகோல் விண்மீனின் ஒளியோடு ஒளியாகவே சேர்ந்து வர வேண்டும். அதற்காக அயோடின் ஆவி நிரப்பிய ஒரு கண்ணாடிக் குடுவை வழியாக அந்த ஒளியைச் செலுத்துவார்கள். அயோடின் தன் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளை அதன் மேல் பதிக்கும். கருவி சூடானாலும் குளிர்ந்தாலும் இரண்டு வகைக் கோடுகளும் ஒன்றாகவே நகரும் என்பதால், இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் அளந்தால் போதும். அதோடு, மற்ற கோள்களின் ஆட்டத்தையும் கழிக்க வேண்டும். 14.65 நாளில் சுற்றும் 'பி' என்ற பெரிய கோள் மட்டுமே வினாடிக்கு 70 மீட்டருக்கு மேல் ஆட்டுகிறது. அதையும் பிறவற்றையும் கழித்த மிச்சத்தில்தான் 6 மீட்டரைத் தேட வேண்டும்.

இத்தனை கவனமாகச் செய்தும் ஆண்டுக் கணக்கு தவறிவிட்டது. ஆறு ஆண்டுகள் அந்தத் தவறு எல்லா அட்டவணைகளிலும் இருந்தது. 2010-இல் ரெபெக்கா டாசன், டேனியல் ஃபாப்ரிக்கி என்ற இருவர் புதிதாக எந்தத் தொலைநோக்கியையும் திருப்பாமல், இருந்த எண்களையே மறுபடி எடுத்து, ஆண்டு 2.8 நாள் இல்லை, 0.7365 நாள் என்று காட்டினார்கள். அதாவது 17 மணி 40 நிமிடம். இந்தக் கோளின் கதையில் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய திருப்பம் இதுதான். பின்னால் வந்த ஒவ்வொரு கண்டுபிடிப்பும் இந்தத் திருத்தத்தின் மேல்தான் நிற்கிறது.

ஏன் தவறியது என்பதைத் திருவிழா ராட்டினத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு சுற்றுக்கு 17 மணி 40 நிமிடம் எடுக்கும் மிக மெதுவான ராட்டினம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு தொட்டில் சிவப்பு. நாம் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் போய் எட்டிப் பார்க்கிறோம். இரண்டு வருகைகளுக்கு இடையே ராட்டினம் ஒரு முழுச் சுற்றை முடித்துவிட்டு, மேற்கொண்டு 6 மணி 16 நிமிட ஓட்டமும் ஓடியிருக்கும். சுற்றுக் கணக்கில் அது 0.354. முழுச் சுற்றை நாம் பார்க்கவில்லை. சிவப்புத் தொட்டில் நேற்று இருந்த இடத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்திருப்பது மட்டுமே தெரியும். நாளொன்றுக்கு 0.354 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.82 நாள். அட்டவணையில் இருந்த தவறான எண் ஏறத்தாழ இதுவேதான். கையில் கால்குலேட்டர் இருந்தால் இப்போதே போட்டுப் பார்க்கலாம். அட்டவணையில் பின்னால் இன்னும் நுட்பமாக்கிய எண் 2.817 நாள். 1-ஐ அதனால் வகுத்தால் 0.3550. அதோடு 1.0027-ஐக் கூட்டினால் 1.3577. மறுபடி 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் 0.7365. அதை 24-ஆல் பெருக்கினால் 17.68 மணி.

கூட்டுகிற எண் ஏன் 1 ஆக இல்லாமல் 1.0027 ஆக இருக்கிறது? பூமி சூரியனைப் பொறுத்துச் சுழல 24 மணி நேரமும், விண்மீன்களைப் பொறுத்துச் சுழல 23 மணி 56 நிமிடமும் ஆகிறது. அதாவது ஒரு நாளில் விண்மீன்களைப் பொறுத்து 1.0027 சுழற்சி. ஒரு விண்மீன் உச்சிக்கு வரும் நேரம் நாளுக்கு நான்கு நிமிடம் முந்துவது இதனால்தான். வானியலாளர்கள் விண்மீன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும்போது அளக்கவே விரும்புவார்கள். காற்றின் தடிமன் அப்போதுதான் குறைவு. ஆகவே அளவுகள் தாமாகவே 23 மணி 56 நிமிடத் தாளத்தில் விழுந்துவிடும். ஹாபி-எபர்லி தொலைநோக்கியில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். செலவைக் குறைக்க அதன் பெரிய ஆடியை அடிவானத்திலிருந்து 55 பாகை உயரத்தில் நிலையாகப் பொருத்திவிட்டார்கள். மேலும் கீழும் சாய்க்க முடியாது. ஒரு விண்மீன் கிழக்கே ஏறும்போது ஒருமுறை, மேற்கே இறங்கும்போது ஒருமுறை அந்த உயரத்தைக் கடக்கும். அந்தச் சிறிய இடைவெளிகளில் மட்டுமே அளக்கலாம். ராட்டினத்தை ஒரே நேரத்தில் போய்ப் பார்க்கும் கட்டாயம் அந்தக் கட்டடத்தின் அமைப்பிலேயே இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, அது கருவி சார்ந்தது அல்ல. கணினியில் சுற்றுக்காலத்தைத் தேடும்போது ஒரு நாளுக்குக் கீழே யாரும் தேடவில்லை. 2004-இல் அப்படி ஒரு கோள் இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. நம் புதன் 88 நாள் எடுத்துக்கொள்கிறது. அதுவரை கண்ட சூடான வியாழன்கள்கூட, அதாவது விண்மீனை ஒட்டிச் சுற்றும் வியாழன் போன்ற பெருங்கோள்கள்கூட, ஒரு நாளுக்கு மேல்தான். 2009-இல் கோரோ-7பி என்ற கோள் 0.85 நாளில் சுற்றுவது தெரிந்த பிறகுதான் அந்த எல்லைக்கோடு இயற்கையின் கோடு அல்ல, நாம் போட்ட கோடு என்று உறைத்தது. போலிச் சுற்றுக்காலத்தையும் மெய்யான சுற்றுக்காலத்தையும் பிரிக்க டாசனும் ஃபாப்ரிக்கியும் செய்தது பொறுமை வேலை. ஓர் உண்மையான சுற்றுக்காலம் இருந்தால், சுற்றுக்காலத்தைத் தேடும் வரைபடத்தில் அளந்த தேதிகளின் ஒழுங்கு அதைச் சுற்றிலும் குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட உயரங்களில் போலிச் சிகரங்களை எழுப்பும். 2.8 நாள் உண்மை என்று வைத்துச் செயற்கையாக எண்களை உருவாக்கிப் பார்த்தார்கள். 0.74 நாள் உண்மை என்று வைத்தும் உருவாக்கிப் பார்த்தார்கள். எந்தச் செயற்கைப் படம் உண்மைப் படத்தோடு சிகரத்துக்குச் சிகரம் ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். இரண்டாவதுதான் ஒத்துப்போனது.

விளைவைப் பாருங்கள். ஆண்டு குறுகியதும் கோள் விண்மீனுக்கு நெருங்கிவிட்டது. 57 லட்சம் கிலோமீட்டர் என்று நினைத்த தூரம் 23 லட்சம் ஆயிற்று. நிலா நமக்கு இருக்கும் தூரத்தைப் போல் ஆறு மடங்குதான் அது. நெருக்கமான கோள் அதே அளவு ஆட்டத்தைக் குறைந்த எடையிலேயே உண்டாக்கிவிடும் என்பதால் எடையும் இறங்கியது. நெப்டியூன் வகை என்று அறிவிக்கப்பட்டு, குறைந்தது பூமியைப் போல் 14 மடங்கு என்றிருந்தது 8.3 மடங்காகச் சுருங்கியது. நெப்டியூன் என்ற அடையாளமே போயிற்று. மூன்றாவது விளைவுதான் முக்கியம். விண்மீனின் முகத்துக்கு நேர் குறுக்கே இந்தக் கோள் கடந்துபோவதை நாம் காணும் வாய்ப்பு, விண்மீனின் ஆரத்தைத் தூரத்தால் வகுத்தால் வரும். பழைய தூரத்தில் அது நூற்றுக்கு 11 அல்லது 12. புதிய தூரத்தில் 28. உடனே இரண்டு குழுக்கள் தேடக் கிளம்பின.

பத்தாயிரம் விளக்கில் மூன்று

2011-இன் தொடக்கத்தில் இரண்டு தொலைநோக்கிகள் அந்தக் கடப்பைப் பிடித்தன. ஒன்று கனடாவின் மோஸ்ட். பயணப் பெட்டி அளவுள்ள துணைக்கோளில் 15 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அமெச்சூர் வானியலாளர்கள் மொட்டை மாடியில் வைத்திருக்கும் அளவுதான். மற்றது நாசாவின் ஸ்பிட்சர், அகச்சிவப்பில் பார்த்த 85 சென்டிமீட்டர் விண்வெளித் தொலைநோக்கி. ஒன்றரை மணி நேரம் விண்மீனின் ஒளி பத்து லட்சத்தில் 330 பங்கு மங்கி, மறுபடி தெளிகிறது. பத்தாயிரம் விளக்குகள் எரியும் ஊரில் மூன்று விளக்குகளை அணைத்து ஏற்றுவது போல. தரையிலிருந்து பார்த்தால் காற்றின் நடுக்கமே இதைவிடப் பல மடங்கு அதிகம். பின்னால் 2014-இல் லா பால்மா தீவில் இருக்கும் 2.5 மீட்டர் நோர்டிக் தொலைநோக்கியில் தரையிலிருந்தும் இதைப் பிடித்துக் காட்டினார்கள். அது பெரிய சாதனை.

மங்கலின் வர்க்கமூலம்தான் கோளின் ஆரத்துக்கும் விண்மீனின் ஆரத்துக்கும் உள்ள விகிதம். 0.000332-இன் வர்க்கமூலம் 0.0182. அதாவது கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் 1.82 சதவீதம். இதற்கு மேல் இந்த அளவை எதுவும் சொல்லாது. கிலோமீட்டர் வேண்டுமென்றால் விண்மீனின் ஆரம் தெரிய வேண்டும். பெரும்பாலான விண்மீன்களுக்கு அதை மாதிரிக் கணக்கிலிருந்து ஊகிக்கிறார்கள். இங்கே விண்மீன் பக்கத்தில் இருப்பதால் நேரடியாகவே அளந்தார்கள். கலிஃபோர்னியாவின் வில்சன் மலையில் ஆறு ஒரு மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியைக் குழாய்கள் வழியே ஓரிடத்தில் கூட்டி, 300 மீட்டருக்கும் அதிக அகலமுள்ள ஒரே கண் போலப் பயன்படுத்தும் சாரா என்ற அமைப்பு இருக்கிறது. 2011-இல் அது 55 கேன்க்ரியின் கோண விட்டத்தை, அதாவது வானில் அது தெரியும் அகலத்தை, 0.711 மில்லி ஆர்க்வினாடி என்று அளந்தது (ஒரு மில்லி ஆர்க்வினாடி ஒரு பாகையில் 36 லட்சத்தில் ஒரு பங்கு). அதைத் தொலைவோடு பெருக்கினால் விண்மீனின் ஆரம் சூரியனில் 0.943. அதிலிருந்து கோளின் ஆரம் பூமியைப் போல் 1.875 மடங்கு. குறுக்களவு ஏறத்தாழ 23,900 கிலோமீட்டர்.

இந்தச் சங்கிலியில் தொலைவு என்ற கண்ணியைக் கவனியுங்கள். 0.943 வந்தபோது பயன்பட்டது ஹிப்பார்கோஸ் துணைக்கோள் தந்த தொலைவு, 40.3 ஒளியாண்டு. பிறகு கையா துணைக்கோள் அதை 41 ஆக்கியது. இரண்டு சதவீத மாற்றம். கோணம் அதேதான் என்பதால் விண்மீன் இரண்டு சதவீதம் பெருக்க வேண்டும், கோளும் இரண்டு சதவீதம் பெருக்க வேண்டும். பருமன் ஆரத்தின் முப்படி என்பதால் ஆறு சதவீதம் கூடும், அடர்த்தி அதே அளவு குறையும். கோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் வைத்திருந்த முழக்கோல் நீண்டது. அட்டவணைகளில் 1.88 என்றும் 1.95 என்றும் இரண்டு ஆரங்கள் தென்பட்டால் குழம்ப வேண்டாம், பின்னால் இருப்பது இந்த மாதிரியான கணக்குதான்.

வைரம் நுழைந்த இடம்

எடை பூமியைப் போல் 8 மடங்கு. ஆரம் 1.875 மடங்கு. வகுத்தால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.7 கிராம். பூமியின் 5.5-ஐவிட அதிகமாக இருப்பதால் "பூமியைவிடக் கெட்டியானது" என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறான ஒப்பீடு. எட்டு மடங்கு எடை உள்ளே அழுத்தும்போது பாறையும் இரும்பும் நசுங்கும். பூமியின் கலவையையே எட்டு மடங்கு எடுத்து உருட்டினால் ஆரம் ஏறத்தாழ 1.75 மடங்காகவும் அடர்த்தி 8-க்குக் கொஞ்சம் மேலாகவும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இந்தக் கோள் கொஞ்சம் உப்பியே இருக்கிறது. இந்த உப்பலுக்கு என்ன காரணம் என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் ஒன்றல்ல. இரும்புக் கரு இல்லாத வெறும் பாறையாக இருந்தால் இந்த ஆரம் வந்துவிடும். பூமி போன்ற உடலின் மேல் கனமான வாயு மூடாக்கு இருந்தாலும் வந்துவிடும். 2011, 2012-இல் ஆரம் 2.0 முதல் 2.2 வரை என்று கருதப்பட்டதால் உப்பல் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அப்போது முதலில் சொல்லப்பட்டது, அதீத வெப்பத்தில் நீர்மமும் ஆவியும் அல்லாத நிலையில் கிடக்கும் தண்ணீர்ப் போர்வை.

2012 அக்டோபரில் வானியலாளர் நிக்கு மதுசூதனும் உடனாய்வாளர்களும் தண்ணீருக்குப் பதில் கார்பனை வைத்துப் பார்த்தார்கள். இரும்பு, சிலிக்கன் கார்பைடு, கார்பன் என்று அடுக்கினாலும் அதே எடையும் ஆரமும் வருகின்றன என்று காட்டினார்கள். அப்படி இருந்தால் உள்ளழுத்தத்தில் கார்பன் வைரமாகும், கோளின் எடையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வைரமாக இருக்கலாம் என்பது செய்திக்குறிப்பில் வந்த கணக்கு. அந்த ஆய்வின் தலைப்பிலேயே "இருக்கக்கூடிய" என்று பொருள்படும் சொல் இருக்கிறது. அவர்கள் நேர்மையாகத்தான் எழுதினார்கள். செய்தியாகும்போது அந்த ஒரு சொல் உதிர்ந்தது. வைரம் மேற்பரப்புக்கு ஏறிவந்ததும் பட்டை தீட்டப்பட்டதும் அதற்குப் பிறகு படம் வரைந்தவர்களின் வேலை. ஆய்வில் சொன்ன வைரம் ஆழத்தில், அழுத்தத்தில் உள்ள அடுக்கு.

கார்பனை வைத்துப் பார்க்கும் துணிவு எங்கிருந்து வந்தது? கோளிலிருந்து அல்ல, விண்மீனிலிருந்து. 2010-இல் வந்த ஓர் அளவு, இந்த விண்மீனில் ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவுக்கும் 1.12 கார்பன் அணுக்கள் என்றது. சூரியனில் அது 0.55 அளவு. விண்மீனைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் வாயு, தூசுத் தட்டில் இந்த விகிதம் ஏறத்தாழ 0.8-ஐத் தாண்டினால் ஆக்சிஜன் முழுவதையும் கார்பனே பிடித்துக்கொள்ளும், சிலிக்கேட் பாறைக்குப் பதில் கார்பைடுகள் திரளும். 1.12 என்றால் கேள்விக்கே இடமில்லை.

ஆனால் விண்மீனில் ஆக்சிஜனை அளப்பது பொல்லாத வேலை. நிறமாலையில் அதன் நல்ல கோடு 6300 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தின் அலகு) என்ற இடத்தில் இருக்கிறது, மிக மெல்லியது. அதே இடத்தில், பிரிக்கவே முடியாத நெருக்கத்தில், நிக்கலின் கோடு ஒன்றும் இருக்கிறது. நாம் காண்பது இரண்டும் சேர்ந்த ஒரே பள்ளம். அதில் நிக்கலின் பங்கைக் கழித்தால்தான் ஆக்சிஜன் வரும். 55 கேன்க்ரியில் உலோகங்கள் சூரியனைப் போல் இரண்டு மடங்கு. எனவே நிக்கலின் பங்கு பெரியது, கழித்த மிச்சம் சிறியது. நிக்கலை ஒரு நூல் அதிகமாகக் கழித்துவிட்டாலே ஆக்சிஜன் படுத்துவிடும், விகிதம் எகிறிவிடும். 7770 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில் ஆக்சிஜனுக்கு வலுவான மூன்று கோடுகள் உண்டு. அவை விண்மீனின் மேலடுக்கில் வெப்பச் சமநிலை கெட்ட இடத்தில் உருவாவதால் அவற்றுக்கு வேறொரு திருத்தம் வேண்டும். 2013-இல் ஜோஹானா டெஸ்கியும் குழுவினரும் ஒரே கோட்டை நம்பாமல் பல கோடுகளில் தனித்தனியாக அளந்து சேர்த்துப் பார்த்தார்கள். கிடைத்தது 0.78, பிழை எல்லை 0.08. எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம். அதோடு, கார்பனை வைக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. நிக்கல் கோட்டின் நிழலில் ஆக்சிஜனைத் தொலைத்ததால் பிறந்த வைரம், ஆக்சிஜன் திரும்பக் கிடைத்ததும் கரைந்தது. வைரச் செய்தியை எழுதிய இடங்களில் இந்தச் செய்தி வரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை.

இரும்பு உருகும் பகல்

கோளின் வானில் விண்மீன் 33 பாகை அகலத்துக்கு நிற்கும். நம் சூரியன் அரைப் பாகை. கையை நீட்டி விரல்களை முழுக்க விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறத்தாழ 20 பாகை, அதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். பூமிக்குக் கிடைக்கும் வெயிலைப் போல் 2,400 மடங்கு அங்கே விழுகிறது. இவ்வளவு நெருக்கத்தில் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டியபடி சுற்றும் என்பதே எதிர்பார்ப்பு. காற்றே இல்லாத கருப்புப் பாறை என்றால் பகல் பக்கத்தின் சராசரி வெப்பம் 2,200 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். எரிமலைக் குழம்பு 1,200 டிகிரியிலேயே ஓடத் தொடங்கிவிடும். எனவே பகல் பக்கம் உருகிய பாறைக் கடல் என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து உண்டு.

வெப்பத்தை அளக்கும் வழி, கோள் விண்மீனுக்குப் பின்னால் மறைவதற்கு முன்பும் மறைந்த பின்பும் மொத்த ஒளியை அளந்து கழிப்பது. கழித்தால் வருவது கோளின் ஒளி மட்டும். அகச்சிவப்பிலும் அது பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுதான். ஸ்பிட்சர் 2013-இல் மறைவோடு நிற்காமல் சுற்று முழுவதும் பார்த்தது. அதிலிருந்து 2016-இல் ஒரு வெப்ப வரைபடம் வந்தது. மிகச் சூடான இடம் நேர் நடுப்பகலில் இல்லை, கிழக்கே 41 பாகை தள்ளி இருக்கிறது என்றது அது. வெப்பத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போகிறது என்று பலர் படித்தார்கள். பிறகு 2022-இல் அதே தரவை மீண்டும் அலசியபோது அந்தத் தள்ளல் காணாமல் போனது, பகல் இன்னும் சூடாகவும் இரவு குளிர்ந்தும் வந்தது. காரணம் ஸ்பிட்சரின் பழைய நோய். அதன் உணரியில் ஒவ்வொரு பிக்சலும் நடுவில் ஓர் உணர்திறன், ஓரத்தில் வேறோர் உணர்திறன் கொண்டது. விண்கலம் சற்றே அசையும்போது விண்மீனின் பிம்பம் பிக்சலுக்குள் ஊர்ந்து, ஒளி கூடிக் குறைவது போலக் காட்டும். இந்த ஆட்டம் கோளின் சமிக்ஞையைவிடப் பெரியது. அதைக் கழிக்கும் முறையை மாற்றினால் வரைபடம் மாறிவிடுகிறது.

2024 மே மாதம் ரென்யு ஹு தலைமையிலான குழு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அளவுகளை வெளியிட்டது. பகல் பக்கம் எதிர்பார்த்த 2,200 இல்லை, 1,540 டிகிரி செல்சியஸ் அளவுதான். சுத்த இரும்பு உருகும் வெப்பநிலை 1,538. அங்கே இதற்குப் பெயர் குளிர்ச்சி. வெப்பத்தை ஏதோ ஒன்று இரவுப் பக்கத்துக்குக் கடத்துகிறது. பாறைக் கடல் மட்டும் அதைச் செய்யாது, காற்று வேண்டும். நிறமாலையில் 4 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அலைநீளமுள்ள பகுதியில் கண்ட பள்ளம் கார்பன் மோனாக்சைடு அல்லது கார்பன் டைஆக்சைடு உள்ள வளிமண்டலத்தோடு பொருந்துகிறது. ஹைட்ரஜன் போர்வை இல்லை என்பது ஹபிள் தொலைநோக்கியில் 2012-லேயே தெரிந்திருந்தது. இவ்வளவு வெயிலில் லேசான வாயு நிற்காது. கனமான வாயுவும் மெல்ல மெல்லப் பறிபோகும். கீழே உள்ள பாறைக் குழம்பிலிருந்து வாயு ஊறிக்கொண்டே இருந்தால்தான் காற்று தாக்குப்பிடிக்கும். வைரச் செய்தி தேடிய கார்பன் இங்கே காற்றில் ஒளிந்திருக்கிறது போலும். ஆனால் அதற்கும் கார்பன் மிகுந்த கோள் தேவையில்லை, சாதாரணப் பாறை உருகும்போதே அந்த வாயு வரும்.

இதையும் முடிந்த முடிபாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே 2024-இல் இன்னொரு குழு வெப் தொலைநோக்கியில் ஐந்து மறைவுகளை 4.5 மைக்ரானில் ஒப்பிட்டது. ஐந்தும் ஐந்து விதம். ஒரு தடவை 600 டிகிரி போலத் தெரிந்த பகல், இன்னொரு தடவை 2,000 டிகிரிக்குப் பக்கத்தில். ஒரு வாரத்துக்குள்ளேயே மாற்றம். வாயு பீறிட்டு மேகமாகக் கவிந்து பிறகு விலகுகிறதா, விண்மீனைச் சுற்றித் தூசு ஏதும் ஓடுகிறதா என்று இரண்டு மூன்று விளக்கங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு மறைவை அளந்துவிட்டு இந்தக் கோளின் வெப்பநிலை இவ்வளவு என்று எழுதுவது, ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு ஓர் ஊரின் மழையைச் சொல்வது போலத்தான். விண்மீன் அதிகப் பிரகாசம் என்பதும் ஒரு தொல்லை. வெப்பின் உணரிகள் மங்கலான பொருள்களுக்காகச் செய்யப்பட்டவை. இங்கே பிக்சல்கள் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் மிகக் குறுகிய நேரப் பதிவுகளையே எடுக்க முடிகிறது. அதனோடு வரும் இரைச்சலைப் பிரித்தெடுப்பதிலேயே பாதி உழைப்பு போகிறது.

விண்மீனை நம் ஊரிலிருந்தே பார்க்கலாம். மார்ச் நடுவில் இரவு ஒன்பது மணிக்குக் கடகம் உச்சிக்கு வரும். பூச நட்சத்திரத்தின் பக்கத்தில் பஞ்சு போலத் தெரியும் விண்மீன் கூட்டத்திலிருந்து வடக்கே சுமார் பத்துப் பாகை போனால் ஐயோட்டா கேன்க்ரி இருக்கும், நகர வெளிச்சம் இல்லாவிட்டால் வெறுங்கண்ணுக்கே தெரியும். அதற்குக் கிழக்கே ஒன்றரைப் பாகைக்குள், இருநோக்கியில் மெல்லிய மஞ்சளாக ஒரு புள்ளி. ஒளித்தரம் 5.95. கோள் தெரியாது. ஆனால் 17 மணி 40 நிமிடத்தில் ஒன்றரை மணி நேரம் அது நமக்கும் விண்மீனுக்கும் நடுவே இருக்கிறது. பன்னிரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தால், அதில் ஏறக்குறைய ஒரு தடவை, நம் கண்ணில் விழும் அந்த ஒளியில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு குறைந்திருக்கும்.